பதினாறுக்கு ஒன்று: ஒரு விகிதத்தைத் தப்பாகப் படித்த கதை

மூன்று வாரமாக என் தோல் பவளம் விரியவில்லை. அப்போதுதான் ரெட்ஃபீல்டின் கட்டுரையை முதல்முறையாக முழுசாகப் படித்தேன். அதுவரைக்கும் அவர் பெயரில் ஓடும் ஒரு எண்ணை மட்டும் நம்பிக்கொண்டிருந்தேன். இந்தப் பதிவு அந்த எண்ணைப் பற்றிய விமர்சனம். கூடவே, அதை நான் பயன்படுத்திய லட்சணத்தைப் பற்றியும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். என்னிடம் இருப்பது 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. நான்கு சின்ன மீன்கள், மீதியெல்லாம் மென்பவளங்கள். சார்கோஃபைட்டான் என்கிற தோல் பவளம், ஸீனியா, கொஞ்சம் சினுலேரியா. கல்பவளம் கிடையாது. 2001-லேயே எல்லாக் கல்பவளங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள், அந்தப் பக்கமே நான் போவதில்லை. என்னிடம் உள்ளவை இன்னொரு ஆர்வலரின் தொட்டியில் வெட்டிய துண்டுகள். அவருக்கு அது யாரிடமிருந்து வந்தது, அவருக்குக் கொடுத்தவருக்கு எங்கிருந்து வந்தது என்று நூல் பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் ஏதோ ஒரு கடலில்தான் போய் நிற்கும். அது எந்தக் கடல் என்பது என்னை இன்னமும் உறுத்துகிற கேள்வி. அது தனிப் பதிவு.

தோல் ஊரில் தோல் பவளம் என்று தெருவில் எல்லாரும் கிண்டல் செய்தாகிவிட்டது. உண்மையில் பெயர் பொருத்தமானதுதான். அது சுருங்கிக் கிடக்கும்போது மேலே மெழுகு பூசிய பழைய செருப்புத் தோல் மாதிரியே இருக்கும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2006-ல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசடைந்த 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இருந்தது. எங்கள் தெரு போர் தண்ணீரில் டி.டி.எஸ். 1,600. அதனால் ஆர்.ஓ., அதற்குப் பிறகு அயனி நீக்கும் பிசின், மீட்டரில் சுழியம் காட்டிய பிறகுதான் கடல் உப்பைக் கலப்பேன். இவ்வளவு கஷ்டப்பட்டுச் சுத்தமாக்கிய தண்ணீரில் அழுக்கு சேரக்கூடாது என்கிற வெறி எனக்கு இருந்தது. இந்த ஊர்க்காரனுக்கு அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த வெறிதான் என்னைக் கவிழ்த்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

கடல் தொட்டி வைப்பவர்கள் மத்தியில் ரெட்ஃபீல்ட் விகிதம் என்று ஒன்று வேதவாக்கு மாதிரி சுற்றுகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 16:1 என்ற கணக்கில் இருக்க வேண்டும், மாறினால் பாசி வரும், பவளம் வாடும், இத்யாதி. நான் மென்பொருள்காரன். ஒரு எண் கொடுத்தால் போதும், உடனே எக்செல் திறந்துவிடுவேன். நைட்ரேட் 2 மி.கி./லி., பாஸ்பேட் 0.25 மி.கி./லி. வகுத்தால் 8. பதினாறில் பாதி. ஆகவே பாஸ்பேட் இரண்டு மடங்கு அதிகம் என்று முடிவு கட்டினேன். இரும்பு ஆக்சைடு குருணை என்று ஒரு சரக்கு விற்கிறார்கள், அது பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாக்கெட்டில் போட்டிருந்த அளவை அப்படியே போட்டேன். 0.12-க்குக் கொண்டுவருவது திட்டம். நாலாம் நாள் மீட்டரில் சுழியம்.

பத்து நாளில் ஸீனியா கரைந்தது. ஸீனியா கை மாதிரி விரித்து மூடி விரித்து மூடி ஆடிக்கொண்டே இருக்கும், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆட்டம் நின்றது, பிறகு நுனி உருகியது, பிறகு அந்த இடத்தில் வெறும் கல். தோல் பவளம் சுருங்கிப்போய் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு மணல்மேல் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி ஒன்று, அதற்குள் காற்றுக் குமிழிகள். டைனோஃபிளாஜெல்லேட். சத்து வறண்ட தொட்டிகளில் வருகிற வியாதி என்று அனுபவஸ்தர்கள் எல்லாரும் சொல்வார்கள். நான் சத்து அதிகம் என்று நினைத்தல்லவா மருந்து போட்டேன்!

எதிர்வீட்டு அண்ணா ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் லேபில் வேலை பார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வாங்க வந்தவரிடம் என் எக்செலைக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, எத வெச்சு எத வகுத்த? இது நைட்ரேட்டா, நைட்ரேட்ல இருக்கிற நைட்ரஜனா?"

"நைட்ரேட்தாண்ணா."

"அப்ப 16 எதோட கணக்கு? எடையா, மோலா? எங்க தொழில்ல குரோமை குரோமியமா சொன்னா ஒரு நம்பர், குரோமிக் ஆக்சைடா சொன்னா ஒண்ணரை மடங்கு நம்பர். இத விட்டுட்டா மொத்தக் கணக்கும் போச்சு."

அவர் சொன்னது அப்படியே சரி. 104 கிராம் குரோமியம் 152 கிராம் குரோமிக் ஆக்சைடாகும், அதாவது 1.46 மடங்கு. தோல் பதனிடும் குரோம் உப்பை ஆக்சைடு சதவீதத்தில் விற்பார்கள், கழிவுநீரில் குரோமியமாக அளப்பார்கள். இந்த ஊரில் பிளஸ் டூ முடித்துவிட்டு டேனரி லேபுக்குப் போகிற பையனுக்குக்கூட இது தெரியும். பி.இ. படித்த எனக்குத் தோன்றவில்லை.

ரெட்ஃபீல்டின் 16:1 என்பது அணுக்களின் எண்ணிக்கை. 16 நைட்ரஜன் அணுவுக்கு ஒரு பாஸ்பரஸ் அணு. எடையில் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் நாம் அளப்பதால், 16 × 62 = 992, அதை 95-ஆல் வகுத்தால் 10.4. அதாவது நம் சோதனைக் குப்பிகளின் மொழியில் அந்த விகிதம் 10.4:1. நைட்ரஜனாகவும் பாஸ்பரஸாகவும் எடை போட்டால் 7.2:1. நைட்ரேட்டை முழுசாகவும் பாஸ்பேட்டைப் பாஸ்பரஸாக மட்டும் காட்டும் மீட்டரையும் சேர்த்து வைத்துக்கொண்டு பார்த்தால் 32:1. நாலும் ஒரே விகிதம்தான். என் தொட்டியின் 8 என்பதை அணுக் கணக்குக்கு மாற்றினால் 12-க்குக் கொஞ்சம் மேலே. 16-க்குப் பக்கத்தில்தான் இருந்தது! கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஸீனியா பிழைத்திருக்கும்.

இன்னொன்று. கையடக்க மீட்டர்கள் பாஸ்பரஸை பில்லியனில் எத்தனை பங்கு என்று காட்டும், அதை 3.07-ஆல் பெருக்கினால்தான் பாஸ்பேட். அந்த மீட்டரின் பிழை எல்லையே கூடக்குறைய 5 பங்கு. ஆக, 3 என்று காட்டினால் அது சுழியமாகவும் இருக்கலாம், 8-ஆகவும் இருக்கலாம். அந்த எண்ணைக் கீழே வைத்து எதையாவது வகுத்தால் வருவது விகிதம் அல்ல, இரைச்சல். நிரல் எழுதுகிறவர்கள் சுழியத்தால் வகுக்காதே என்று முதல் வகுப்பிலேயே படிக்கிறோம். சுழியத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் வகுப்பதும் அதே பாவம்தான்.

அலகுப் பிழையோடு கதை முடிந்திருந்தால் இந்தப் பதிவே தேவையில்லை. 16-ஐ 10.4 என்று திருத்திவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மூலத்தைப் படித்தபோது எனக்குத் தெரிந்தது, சரியாக மாற்றினாலும் அந்த எண்ணுக்கு என் தொட்டியில் வேலை இல்லை என்பது.

ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் ஹார்வர்டிலும் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்திலும் இருந்த உடலியல் அறிஞர். 1934-ல் அவர் எழுதியது ஒரு ஆச்சரியத்தைப் பற்றி. வேறு வேறு பெருங்கடல்களின் ஆழத்து நீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் இருக்கின்றன, அதே விகிதம் மிதவை உயிரிகளின் உடலிலும் இருக்கிறது. ஏன்? முதலில் அவர் சொன்ன எண் 20:1. 16:1 என்பது பின்னால் வந்த திருத்தம். அது ஒரு சராசரி, அதற்கு மேல் அவரே உரிமை கோரவில்லை. 1958-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால், சூழலின் வேதிக் காரணிகள் மீது உயிர்களின் கட்டுப்பாடு. தலைப்பிலேயே விடை இருக்கிறது. உயிர்கள்தான் கடலின் வேதியியலை அந்த விகிதத்துக்கு இழுத்து வந்திருக்கின்றன என்பது அவர் வாதம். நாம் என்ன செய்தோம்? அம்புக்குறியைத் திருப்பிப் போட்டோம். தண்ணீரை அந்த விகிதத்தில் வைத்தால் உயிர்கள் நலமாக இருக்கும் என்று படித்தோம். ஒரு ஊரில் எல்லாரும் சராசரியாக இரண்டு இட்லி சாப்பிடுகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டால் அந்த ஊர்க்காரன் ஆகிவிடலாம் என்பது மாதிரி.

அவர் பேசியது ஆழ்கடலும் மிதவை உயிரிகளும். பவளத்திட்டு நீர் அந்த விகிதத்தில் இல்லவே இல்லை. நல்ல பவளத்திட்டுகளின் மேற்பரப்பு நீரில் நைட்ரேட் லிட்டருக்கு கால் மைக்ரோமோல் அளவு, பாஸ்பேட் அதில் பாதி. ஆக விகிதம் 2:1 பக்கம். பதினாறாவது ஒன்றாவது! நைட்ரஜன் எப்போதும் பற்றாக்குறையிலேயே இருக்கிற இடத்தில் வளர்ந்த உயிரிகள் இவை.

இதைப் படித்தவுடன் எதிர்ப்பக்கக் கோஷ்டி உற்சாகமாகிவிடும். 'பார்த்தீர்களா, கடலில் சத்து கிட்டத்தட்ட சுழியம், ஆகவே தொட்டியிலும் சுழியம் வேண்டும்' என்பார்கள். நானும் மனசுக்குள் அந்தக் கோஷ்டிதான். இதிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை ஒரு கணக்கால் காட்டுகிறேன்.

பவளத்திட்டின் மேல் நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் நீரோட்டம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. ஒரு சதுர மீட்டர் சன்னல் வழியாக அது போகிறது. நொடிக்கு 100 லிட்டர், ஒரு நாளைக்கு 86 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர். பாஸ்பேட் வெறும் 0.1 மைக்ரோமோல், அதாவது லிட்டருக்கு 0.0095 மி.கி. என்றாலும், அந்தச் சன்னல் வழியாக ஒரு நாளில் போகும் பாஸ்பேட் 82 கிராம். என் 200 லிட்டர் தொட்டியில் பாஸ்பேட் 0.03 என்று காட்டினால் மொத்த இருப்பு 6 மில்லிகிராம். கடல் சுழியம், என் தொட்டி சுழியம் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். இரண்டும் ஒன்றா?

சர்வர் கண்காணிப்பு பார்க்கிறவர்களுக்கு இது உடனே புரியும். வரிசையின் நீளம் சுழியம் என்று திரை காட்டுகிறது. வந்த வேலை எல்லாம் உடனுக்குடன் முடிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், வேலையே வரவில்லை என்றும் இருக்கலாம். நீளத்தை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் பச்சை என்று தூங்கப் போனால் நடுராத்திரி போன் வரும். நாம் சோதனைக் குப்பியில் அளப்பது வரிசையின் நீளம். பவளத்துக்கு வேண்டியது வரத்து.

தொட்டியில் வரத்து எங்கிருந்து? பெரும்பாலும் மீன் தீனியிலிருந்து. காய்ந்த தீனியில் சுமார் ஒரு சதவீதம் பாஸ்பரஸ் என்று வைத்தால், ஒரு கிராம் தீனியில் 10 மி.கி. பாஸ்பரஸ், அதாவது 30 மி.கி. பாஸ்பேட். 200 லிட்டரில் அது 0.15. நான் மொத்தமாக இறக்க நினைத்த அளவைவிட அதிகம் ஒரே ஒரு கிராம் தீனியில் வந்துவிடுகிறது! மீன்கள் வெளியேற்றும் அம்மோனியமும் அப்படித்தான். பவளத்தின் உடலில் வாழும் பாசிக்கு நைட்ரேட்டைவிட அம்மோனியம் சுலபம். நைட்ரேட்டை ஒடுக்கிப் பயன்படுத்தச் சக்தி செலவாகும். அம்மோனியம் வந்த வேகத்தில் காலியாவதால் நம் குப்பியில் தெரியாது. ஆக, பவளம் அதிகம் விரும்பும் நைட்ரஜன் நம் கணக்கிலேயே இல்லை. இருக்கிற இரண்டு மீதிகளை வகுத்து அதற்கு ஒரு பெரியவர் பெயரையும் வைத்திருக்கிறோம்.

விகிதக் கட்சியினர் அடுத்ததாகக் காட்டும் ஆதாரம் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகப் பவள ஆய்வகத்தின் வேலை. நல்ல வேலை, சந்தேகமே இல்லை. 2013-ல் வீடன்மான் குழு காட்டியது, நைட்ரேட் அதிகமாகவும் பாஸ்பேட் கைக்கெட்டாத அளவிலும் இருந்தால் பாசி பெருகும், ஆனால் பாஸ்பரஸ் பட்டினியில் பெருகும் என்பதை. செல்சவ்வில் பாஸ்பரஸ் உள்ள கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகம் உள்ள கொழுப்பை வைத்து ஒப்பேற்றும். வெயிலும் சூடும் ஏறும்போது அந்தப் பாசி தாங்காது, பவளம் வெளுக்கும். இதை எடுத்துக்கொண்டு 'விகிதம் முக்கியம் என்று நிரூபணமாகிவிட்டது' என்கிறார்கள்.

எனக்கு அப்படித் தெரியவில்லை. அதே ஆய்வகம் 2017-ல் வெளியிட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதில் யூஃபிலியா என்ற கல்பவளத்தை வேறு வேறு கலவைகளில் வளர்த்துப் பார்த்தார்கள். பாஸ்பேட் குறைந்தால் கூட்டுவாழ்வே ஆட்டம் காண்கிறது. ஆனால் பாஸ்பேட் தாராளமாக இருந்து நைட்ரஜன் குறைந்தபோது பாசியின் ஒளிச்சேர்க்கைக்குப் பாதிப்பு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே தராசு இல்லை என்பதுதான் இதன் சாரம். ஒரு பக்கம் சாய்ந்தால் பள்ளம், மறுபக்கம் சாய்ந்தால் சமதரை. 16 என்று நடுவில் ஒரு கோடு போட்டுவிட்டால் இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது. மறைந்தது மட்டுமில்லை, என்னை மாதிரி ஆளைப் பள்ளத்தின் பக்கமே தள்ளிவிடும். பாஸ்பேட் அதிகம் என்று பயந்து அதை உருவி எடுத்தவன்தானே நான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நானும் அதே தப்பைச் செய்தவன் ஆவேன். யூஃபிலியா கல்பவளம், என்னிடம் இருப்பவை மென்பவளங்கள். அதற்குச் சரி என்றால் இதற்கும் சரி என்பது என் ஊகம்தான்.

மென்பவளம் என்று ஒரே பெயரில் அழைப்பதே ஒரு வசதிக்காகத்தான். கால்சியம் எலும்புக்கூடு பெரிதாகக் கட்டாததால் கால்சியம், காரத்தன்மை பற்றிய கவலை இவற்றுக்குக் குறைவு. அதனால்தான் சத்துக் கணக்கு முன்னால் வந்து நிற்கிறது. அதிலும் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. பார்க்க ரோஜாப்பூ மாதிரி இருக்கும் டென்ட்ரோநெஃப்தியாவின் உடலில் பாசியே கிடையாது. 1995-ல் ஃபாப்ரிசியஸ் குழு செங்கடலில் பார்த்துச் சொன்னது, அது தாவர மிதவை உயிரிகளைத் தின்று வாழ்கிறது என்று. அதை வாங்கி வந்து விளக்கை ஏற்றி, நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் எந்த விகிதத்தில் வைத்தாலும் பட்டினியில்தான் சாகும். மாசக்கணக்கில் மெல்ல மெல்லச் சாவதால் வாங்கியவருக்குக் காரணமே பிடிபடாது. யாரும் வாங்காதீர்கள், தயவுசெய்து.

ஸீனியாவின் குடும்பமோ நேர் எதிர். அந்தக் கை ஆட்டம் இரை பிடிக்க என்றுதான் ரொம்ப நாள் நானும் நினைத்தேன். 2013-ல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் அதன் உறவுக்காரனான ஹெட்டரோஸீனியாவை ஏலாத் கடலில் ஆராய்ந்து சொன்னது வேறு. ஆடும்போது தன்னைச் சுற்றித் தேங்கும் ஆக்சிஜனைத் தள்ளிவிடுகிறது, அதனால் ஒளிச்சேர்க்கை பல மடங்கு கூடுகிறது. ஆக, ஸீனியாவின் ஆட்டம் நின்றால் அதன் உள்ளே இருக்கும் தொழிற்சாலையில் ஏதோ நின்றுவிட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். எந்த மீட்டரையும்விட அதுதான் முதலில் சொன்னது. நான்தான் கேட்கவில்லை. என் மகள் கேட்டாள், "அப்பா, அது ஏன் டயர்டா இருக்கு?" என்று. எக்செலில் பச்சை நிறம் காட்டுகிறது என்று சொல்லி அனுப்பினேன்.

சத்து கூடினால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019 செப்டம்பர், அக்டோபரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூக்கா என்ற மிதவை உயிரி பெருகிக் கடலே பச்சையானது செய்தியில் வந்தது, பாம்பன் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கின. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் அப்போது இறங்கிப் பார்த்து 2020-ல் கட்டுரை வெளியிட்டார்கள். சிங்கில் தீவு, குருசடைத் தீவு பக்கம் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மி.கி.க்கும் கீழே போயிருந்தது. அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா எல்லாம் செத்துப்போயின. அங்கே பவளத்தைக் கொன்றது எந்த விகிதமும் இல்லை, மூச்சு. பெருகியது அழுகும்போது ஆக்சிஜனைக் குடித்துவிட்டது. சித்திரை வெயிலில் கரண்ட் போகும்போது என் தொட்டியிலும் நான் பயப்படுவது அதற்குத்தான், நைட்ரேட்டுக்கு அல்ல. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். தொட்டிக்காக நான் செய்த செலவுகளிலேயே உருப்படியானது அதுதான்.

அப்படியென்றால் விகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா? முழுக்க இல்லை. நைட்ரேட் 40, பாஸ்பேட் குப்பியில் தெரியவே இல்லை என்றால் அது எச்சரிக்கை மணி, அந்த அளவுக்கு உதவும். அதாவது இரண்டில் ஒன்று தீர்ந்துபோகிறதா என்று பார்க்க. எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இருபதுக்கும் நடுவில் நின்று சண்டை போட அது உதவாது.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். இரும்பு ஆக்சைடை எடுத்துவிட்டேன். தீனியைக் கொஞ்சம் கூட்டினேன். நைட்ரேட் 5-லிருந்து 10-க்குள், பாஸ்பேட் 0.05-லிருந்து 0.1-க்குள் எங்கே இருந்தாலும் கையை வைப்பதில்லை. பாஸ்பேட் 0.03-க்குக் கீழே போனால்தான் கவலை. வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில் அளக்கிறேன், எண்ணோடு அலகையும் எழுதுகிறேன். மென்பவளங்கள் ஒன்றையொன்று விரட்ட வேதிப்பொருள்களைத் தண்ணீரில் விடும், அதனால் கரித்தூள் பை மட்டும் மாதம் ஒரு தடவை மாற்றுகிறேன்.

பழுப்புச் சளி இரண்டரை மாதத்தில் போனது. எதனால் என்று என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் குருணையை எடுத்ததும் தீனியைக் கூட்டியதும் கரித்தூளை மாற்றியதும் ஒரே வாரத்தில். மூன்று மாற்றத்தை ஒன்றாக வெளியிட்டுவிட்டு எது பிழையைத் தீர்த்தது என்று கேட்டால் ஆபீசில் என்னையே நான் திட்டுவேன்.

தோல் பவளம் மேல்தோலை ஒருநாள் மெழுகுத்தாள் மாதிரி உரித்துப் போட்டது. மறுநாள் காலை பாலிப்கள் வெளியே வந்திருந்தன. அன்றைக்குக் கணக்கு நைட்ரேட் 7, பாஸ்பேட் 0.08. வகுத்துப் பார்க்கவில்லை. ஸீனியா திரும்பவில்லை. அது ஒட்டியிருந்த கல்லை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.